லாச்சிக்குள் மூன்று டியூப்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பட்டம் இல்லாமல் பட்டதாரிகளோடு வேலை செய்கிறவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் பதினெட்டு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். இலையைக் காகிதத்தை விட மெல்லிதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவது, மருந்து கலப்பது, நுண்நோக்கியைத் துடைப்பது எல்லாம் நான்தான். "அக்கா கை பட்டா பிழை வராது" என்பார்கள். அந்தப் பேச்சுத்தான் என்னைக் கெடுத்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சி மாணவியாக வந்தாள். தேயிலைக் கொழுந்தில் வரும் கொப்புள நோய்தான் அவளுடைய பாடம். ஒருநாள் டீ குடிக்கும்போது, "எங்கம்மா கொழுந்தெடுக்கிற மலையில ஒரு செடி இருக்கு தங்கச்சி, சுத்திவர எல்லாம் கொப்புளமா கெடந்தாலும் அதுல ஒண்ணும் வராது" என்று சும்மா சொல்லிவைத்தேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எப்ப போவம் அக்கா?" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடுகண்ணாவைக்கு பஸ் ஏறினோம். அங்கிருந்து தோட்டத்துக்கு த்ரீவீலர். அம்மா அந்தச் செடியின் மேல் கையை வைத்து, "மழ எத்தன நாள் பேஞ்சாலும் இவ மட்டும் சுத்தமா இருப்பா புள்ள" என்று அவளிடம் சொன்னாள். மாணவி அம்மா சொன்னதைக் கொப்பியில் அப்படியே எழுதிக்கொண்டாள்.

நோய் தொட்ட முதல் இரண்டு நாளில் அந்தச் செடியின் இலைத்தோலில் ஏதோ ஒரு ஜீன் விழித்துக்கொள்கிறது என்பது அவளுடைய நம்பிக்கை. எந்த ஜீன் என்றும் ஓர் ஊகம் வைத்திருந்தாள். அதைக் கண்ணால் காட்டிவிட்டால் மூன்று வருட உழைப்பு கரை சேரும். இலைகளைக் கொண்டுவந்து பதப்படுத்திச் சீவி ஃப்ரீசரில் வைத்தோம். நல்லவேளை வைத்தோம். சில மாதத்தில் தோட்டத்தில் அந்த மலைத் தேயிலையையே பிடுங்கிவிட்டு மிளகு நட்டார்கள். செடியிலிருந்து வெட்டிவந்த கம்பு ஒன்றும் வேர் பிடிக்கவில்லை. ஃப்ரீசரில் இருந்த சில துண்டுகள்தான் உலகத்தில் அந்தச் செடியின் மிச்சம்.

அவள் செய்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு ஜீன் வேலை செய்யும்போது தன் சேதியை ஒரு நாடாவாக எழுதி அனுப்புகிறது. அந்தச் சேதியில் மட்டும் போய் ஒட்டுகிற மாதிரி எழுத்தெழுத்தாகத் திட்டமிட்டுச் செய்த டிஎன்ஏத் துண்டை முதலில் இலையில் விடுவோம். அதற்கு ஒரு வால் இருக்கும். பிறகு நிறம் பூசிய இரண்டு வகைத் துண்டுகளை விடுவோம். கொண்டை ஊசி போல மடிந்து மூடிக்கிடப்பவை அவை. ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. வாலைத் தொட்டால் முதல் வகை திறக்கும், அது இரண்டாவதைத் திறக்கும், அது இன்னொன்றை. பெட்ரோல் ஷெட்டில் எண்ணெய் வந்தது என்று ஒருவன் போய் நின்றால் பின்னால் வரிசை தானாக நீளுமே, அப்படித்தான். வரிசை நீண்ட இடம் நுண்நோக்கியில் ஒளிரும்.

பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் அது. வெளிநாட்டிலிருந்து சாமான் வருவது நின்றுபோனது. நிறத் துண்டுகளை இலையில் விடுவதற்கு முன், ஒவ்வொரு வகையையும் தனித்தனி டியூபில் கொதிநிலைக்குப் பக்கத்தில் ஒன்றரை நிமிடம் சூடாக்கி, அரை மணி நேரம் மேசை லாச்சியை இழுத்து அதன் இருட்டுக்குள் வைத்து ஆறவிட வேண்டும். அன்றைக்கு இரண்டு நிறம். பச்சை அவளுடைய ஜீனுக்கு. சிவப்பு எல்லாச் செல்லிலும் எப்போதும் வேலை செய்கிற ஒரு ஜீனுக்கு, முறை சரியா என்று பார்க்க. நிறத்துக்கு இரண்டு வகை, ஆக நாலு டியூப் வேண்டும். சுத்தமான டியூப் மூன்றுதான் இருந்தது. கரண்ட் போக இருபது நிமிடம். கடைசியில் எப்படியும் இரண்டையும் ஒன்றாகத்தானே ஊற்றப் போகிறோம், இப்போதே ஊற்றினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று நினைத்தேன். ஒரு சவர்க்காரக் கட்டியை நாலாக வெட்டிப் பாவித்த, தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளை நான். அவளுடைய ஜீனுக்கான இரண்டு வகையையும் ஒரே டியூபில் ஊற்றிச் சூடாக்கினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன், அது வேறு!

மறுநாள் நுண்நோக்கியில் சிவப்பு நிறம் இலை முழுக்க ஒளிர்ந்தது. அவளுடைய பச்சை ஒரு பொட்டுக்கூட இல்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, ரெண்டையும் தனித்தனியாத்தானே சூடாக்கினீங்கள்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேற்று வந்தவள் என்னைக் கேட்பதா?

"ஆமா, பின்ன? எனக்குப் படிச்சுக் குடுக்க வேணாம் தங்கச்சி."

"இல்லை அக்கா, சும்மா கேட்டனான். குறை நினைக்காதேங்கோ."

முறை சரி, சிவப்பே சாட்சி, ஆகவே அந்த ஜீன் அங்கே விழிக்கவில்லை என்று பேராசிரியர் முடித்துவிட்டார். அவள் வேறொரு ஜீனைப் பார்த்தாள். அதுவும் இல்லை. உதவித்தொகைக் காலம் முடிந்தது. வெறுங்கையோடு ஊருக்குப் போய்ப் பாடசாலையில் படிப்பிக்கத் தொடங்கினாள். போகிற அன்று எனக்கு ஒரு பை நிறையப் பனங்கட்டி தந்தாள்.

அடுத்த வருடம் டியூப் மறுபடி குறைந்தபோது வேறொரு மாணவிக்கு அதே சிக்கனத்தைக் காட்டினேன், இந்த முறை இரண்டு நிறத்துக்கும். இரண்டும் இருட்டு. ஒளிர்ந்தே ஆக வேண்டிய சிவப்பும் இருட்டு! அப்போதுதான் விளங்கியது. ஒரே டியூபில் சூடாக்கினால் இரண்டும் திறந்து, ஆறும்போது ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்கின்றன. இலையில் போய் வரிசை நிற்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. அந்த மாணவிக்கு மறுநாளே சரியாகச் செய்து கொடுத்தேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் செய்து கொடுக்க அந்தச் செடியின் இலைத் துண்டு ஏது? வெண்ணெய் திரண்டு வந்த நேரம் தாழியை உடைத்தவள் நான். உடைத்ததைச் சொல்லாமலும் இருந்தேன்.

பலமுறை போனைக் கையில் எடுத்தேன். வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம், வெட்கம்தான் நிறைய. அம்மா வேறு, "நம்ம செடியில அது இருந்துச்சாடி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். "தெரியலம்மா" என்பேன். அது ஒன்றுதான் நான் சொன்ன உண்மை.

போன மாதம் அவள் விடைத்தாள் திருத்தக் கண்டிக்கு வந்திருந்தாள். ஊருக்குத் திரும்புகிற அன்று குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். கண்ணாடி போட்டிருந்தாள். அம்மாவின் சுகம் விசாரித்தாள். பஸ் வர நேரம் இருந்தது. இதற்கு மேல் முடியாது என்று, குண்டசாலை பஸ்காரன் கத்துகிற கத்தலுக்கு நடுவில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டியூப், சிக்கனம், நான் சொன்ன பொய், எல்லாம். "என்ன மன்னிச்சிருங்க தங்கச்சி" என்று கையைப் பிடித்தேன்.

அவள் கையை இழுக்கவில்லை. சத்தமும் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அண்டைக்கு நான் கேட்டனான் எல்லோ அக்கா" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "ஃப்ரீசருக்குள்ள இன்னும் ரெண்டு இலைத் துண்டு கிடந்தது. ஒரே டியூப் எண்டு சொல்லியிருந்தால் அடுத்த நாளே திரும்பச் செய்திருப்பன். நீங்கள் ஆமா எண்டதாலதான் அதுகளை மற்ற ஜீனுக்குப் போட்டனான்" என்றாள்.

பஸ் வந்தது. "வாறன் அக்கா" என்று ஏறி, சனத்துக்குள் மறைந்துவிட்டாள்.

அந்த இரண்டு துண்டுக்கும் மருந்து போட்டதும் நான்தான். அதற்குள் புது டியூப் பொதி வந்திருந்தது. அன்றைக்கு நாலையும் தனித்தனியாகத்தான் சூடாக்கினேன்.