இடக்கைக்கு ஒரு கத்தி

கத்தி செய்கிறவர்களில் ஒருவருக்கும் இடக்கை இல்லை போலிருக்கிறது. ஒரு கையால் திறக்கலாம் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். எந்தக் கையால் என்று எழுத மாட்டார்கள். கனடாவில் இருக்கும் என் தம்பி அப்படிப்பட்ட மடக்குக் கத்திகள் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக, ஊருக்கு வருகிறவர்களின் சூட்கேசில் போட்டு அனுப்பினான். முதலாவது வந்த அன்று சமையலறையில் நின்று அவனையும் அதைச் செய்தவனையும் சேர்த்துத் திட்டினேன்.

என் வலக்கைக்கு என்ன நடந்தது என்று கேட்காத ஆள் கொழும்பு வெள்ளவத்தையில் இல்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். காலி வீதியில் பஸ் சரியாக நிற்கும் முன்னரே கொண்டக்டர் "பஹின்ன, பஹின்ன" என்று சிங்களத்தில் இறங்கச் சொல்லி விரட்டினான். ஒரு காலைக் கீழே வைத்தேன், பஸ் வெளிக்கிட்டுவிட்டது. விழுந்தபோது என் முழுப் பாரமும் வலக்கையில். தகடு வைத்துப் பொருத்தினார்கள். எலும்பு ஒட்டியது. விரல்கள் மடங்கவில்லை, தொட்டாலும் தெரிவதில்லை. எதன் மேலாவது தூக்கி வைத்தால் அந்தக் கை அப்படியே பாரமாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

நான் பன்னிரண்டு வருடமாகப் பார்சல் கட்டுகிறவள். பாமன்கடைப் பகுதியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கடை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சகோதரங்களுக்கும் இங்கிருந்து போகிற, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கருவாடும் எங்கள் மேசையைத் தாண்டித்தான் போகும். சனம் வீட்டிலேயே பெட்டியை ஒட்டி, நைலோன் கயிறு சுற்றி, பத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வரும். உள்ளே இருப்பதைப் பார்க்காமல் நாங்கள் ஏற்றக் கூடாது. ஆகவே வெட்டு, திற, பார், திரும்பக் கட்டு. நாள் முழுக்க இதுதான் வேலை, எனக்கு இது பிடிக்கும்.

கட்டர் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒருமுறை கட்டரின் நுனி முறிந்து யாருடையதோ ஒடியல் மாவுக்குள் போய்விட்டது. லண்டனில் இருந்து ஒரு மனிதர் போனில் முதலாளியைக் கிழிகிழியென்று கிழித்தார். அன்றோடு கட்டருக்குத் தடை. கத்தரிக்கோல் அந்தக் கயிற்றைச் சப்புமே தவிர வெட்டாது. வாடிக்கையாளரோடு சின்னப் பிள்ளைகளும் வருவதால், விரித்த கத்தியை மேசையில் விடவும் கூடாது. வெட்டிய கையோடு மடக்கிப் பைக்குள் போட வேண்டும். நான் அதுவரை பாவித்த பழைய மடக்குக் கத்தி நகத்தால் இழுத்துத் திறக்கிறது. ஒரு கை பிடிக்க, மற்றக் கை இழுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியால் திரும்பி வந்தபோது முதலாளி மிகவும் அன்பாகத்தான் சொன்னார். என்னைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். இனி மேசை வேண்டாமாம், போன் பார்த்தால் போதுமாம். போன் பார்ப்பதென்றால் என் பார்சல் எங்கே, என் பார்சல் எங்கே என்று கத்துகிறவர்களுக்குக் காலை முதல் பின்னேரம் வரை காது கொடுப்பது. நான் ஏலாது என்றேன். மூன்று மாதம் மட்டும் மேசையில் விட்டுப் பார்ப்போம் என்றார். அன்பாகப் பேசி ஆளைத் தூக்கி மூலையில் வைக்கிறவர்களைப் போல் எனக்குக் கோபம் மூட்டுகிறவர்கள் வேறு இல்லை.

தம்பியின் முதல் கத்தியில், அலகின் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ். அதைப் பெருவிரலால் தள்ளினால் கத்தி விரியுமாம். குமிழ் இருந்தது ஒரு பக்கத்தில் மட்டும், வலக்கைக்காரனின் பெருவிரல் வரும் பக்கத்தில். இடக்கையில் பிடித்தால் என் பெருவிரல் வழுவழுப்பான இரும்பைத் தடவிக்கொண்டு நிற்கிறது. தம்பி வீடியோ அனுப்பியிருந்தான், டக்டக்கென்று திறக்கிறான், வலக்கையால். மடையனுக்கு அதுகூட உறைக்கவில்லை. மேசை லாச்சிக்குள் எறிந்தேன்.

இரண்டாவதன் முதுகில் ஒரு வால். சுட்டுவிரலால் அதை அமத்தினால் அலகு பாய்ந்துவரும். எந்தக் கையாலும் முடியும், கெட்டித்தனம்தான். ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே! கடையில் முதல் தரம் திறந்தபோது, வரிசையில் நின்ற வயதான ஐயா ஒருவர் இரண்டடி பின்னுக்குப் போய், ஆரைக் குத்தப் போகிறேன் என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

சத்தத்தையாவது பொறுக்கலாம். வில்லங்கம் மூடுவதில் இருந்தது. திறப்பதைப் பற்றித்தான் எல்லாரும் பெருமையடிக்கிறார்கள். திறந்ததை அதே கையால் எப்படி மூடுவது என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. இரண்டு கையும் உள்ளவனுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. அந்தக் கத்தியில், விரிந்த அலகைத் தாங்குவது பிடிக்குள் இருக்கும் ஒரு தகடு. வலக்கைக்காரன் அதைப் பெருவிரலால் தள்ளுவான். நான் சுட்டுவிரலை உள்ளே நுழைத்து இழுக்க வேண்டும், அந்த விரலின் மேல்தான் அலகு வந்து விழும். மூன்றாம் நாள் விழுந்தது. நாலு தையல். ஒரு பார்சலின் விலாசத்தில் இரத்தம். முதலாளி போன் இருக்கும் மேசையை ஒருமுறை பார்த்தார்.

அன்று பின்னேரம் தம்பிக்கு அழைத்து ஒரேயொரு வசனம்தான் சொன்னேன்.

"நீ உன்ர வலக்கையை முதுகுக்குப் பின்னால கட்டிப்போட்டு, இடக்கையால ஒருக்காத் திறந்து மூடிக் காட்டு, பிறகு எனக்கு அனுப்பு."

கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். செய்தானாம். பெண்சாதியின் துப்பட்டாவால் கையைக் கட்டிக்கொண்டு, கத்திக் கடையில் வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதுமாக இரண்டு கிழமை. விரலில் பிளாஸ்டருடன் ஒரு படம் அனுப்பினான். அதைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி, பொய் சொல்வானேன்.

மூன்றாவது கத்தியின் அலகில் பெருவிரல் நுனி அளவில் ஒரு வட்டத் துளை. துளைக்கு இடம் வலம் கிடையாது. விரலை வைத்துத் தள்ளினால் மெதுவாக, சத்தமில்லாமல் விரியும். பூட்டு பிடியின் முதுகில். அதைப் பெருவிரலால் அமத்திக்கொண்டு, அலகின் மொட்டைப் பக்கத்தைத் தொடையில் வைத்துத் தள்ளினால் மடங்கும். விரல்கள் அலகின் பாதையில் வராமல் பிடிக்கப் பழக வேண்டும். சமையலறையில் நின்று நாளுக்கு நூறு தரம் பழகினேன். தொடையில் நீலம் பாய்ந்தது. மூன்று மாதம் முடியும்போது பழைய வேகத்துக்குக் கிட்டவாக வந்துவிட்டேன். முதலாளி போனைப் பற்றிய கதையை எடுக்கவில்லை.

அப்போதுதான் அந்த அன்ரி வந்தார். எழுபது வயதிருக்கும். ரொறன்ரோவில் பேத்திக்குக் கலியாணமாம், கூறைச்சேலையும் குங்குமச் சிமிழும் குத்துவிளக்கும் ஒரே பெட்டியில். வழமைபோலக் கயிறு சுற்றியிருந்தது. நான் கத்தியை எடுத்துத் துளைக்குள் விரலை வைத்தேன். அன்ரி என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்ற முதலாளியைப் பார்த்தார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. இது கூறை. அந்தப் பிள்ளை இடக்கையால தொடுறா."

முதலாளி வந்து என் காதுக்குள், "அக்கா, இதை மட்டும் விடுங்கோ" என்றார்.

இதை மட்டும்! எங்கள் கடைக்கு வரும் பெட்டிகளில் பாதி ஏதோவொரு நல்ல காரியத்துக்குப் போகிறது. இன்றைக்குக் கூறை, நாளைக்கு வயதுக்கு வந்த பிள்ளையின் சாமத்தியச் சடங்குச் சேலை, மற்ற நாள் கோயில் பிரசாதம். ஒவ்வொன்றாக விட்டால் எனக்குக் கருவாட்டுப் பெட்டிதான் மிஞ்சும், பிறகு அதுவும் இல்லை, போன்தான். எனக்குத் தலைக்குள் சூடு ஏறியது. நாலு தையலும் நீலம் பாய்ந்த தொடையும் துப்பட்டாவால் கை கட்டிய என் தம்பியும் ஒரு சொல்லில் ஒன்றுமில்லாமல் போவதா? இந்தக் கை தொட்டால் தீட்டு என்றால், இதே கையால் நான் சோறு தின்கிறேனே, அதை என்ன சொல்கிறீர்கள் என்று கேட்க வாய் உன்னியது.

கேட்கவில்லை. கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டேன். இடக்கையால் வலக்கையைப் பிடித்துத் தூக்கி, தொப்பென்று அந்தப் பெட்டியின் மேல் போட்டேன். விரல்கள் விறைத்தபடி பரந்து கிடந்தன.

"அன்ரி, இதுதான் வலக்கை. இது தொடலாந்தானே?"

செவிட்டில் அறைந்த மாதிரி இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். வெட்கப்படுவார் என்று காத்திருந்தேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"ஆ, அப்ப சரி. அந்தக் கையை எடுக்காமல் வெச்சிருங்கோ, பிள்ளை."

உண்மையாகத்தான் சொன்னார். துளிகூட நக்கல் இல்லை. முதலாளியும் மூச்சு விட்டார். நான் இடக்கையால் கத்தியை எடுத்துத் திறந்து கயிற்றை வெட்டினேன், தொடையில் வைத்து மடக்கினேன், வலக்கையைப் பெட்டியின் ஓரத்துக்கு நகர்த்திக் கூறையை எடுத்துப் பார்த்தேன், குத்துவிளக்கைச் சுற்றினேன், ஒட்டினேன், கட்டினேன். எத்தனை தரம் கத்தி விரிந்து மடங்கியது என்று நான் எண்ணவில்லை. அன்ரி கத்தியையோ இடக்கையையோ ஒருமுறையும் பார்க்கவில்லை. பெட்டி நகராமல் பாரமாகக் கிடந்த அந்தக் கையிலேயே அவருடைய கண் இருந்தது.

அடுத்த நாள் முதலாளி கலியாணப் பெட்டி ஒன்றைத் தானே தூக்கி வந்து என் மேசையில் வைத்து, நேற்றுப்போலக் கையை மேலே வைக்கும்படி சொன்னார். மேசை எனக்கு நிலைத்துவிட்டது. இன்றைக்கும் நல்ல காரியப் பெட்டி வந்தால் அந்தக் கையைத் தூக்கி மேலே போடுகிறேன், சனத்துக்குத் திருப்தி. ஒவ்வொரு தரமும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கூறைப் பெட்டி கட்டிய அன்று, போகும்போது அன்ரி என் வலக்கையைத் தன் இரண்டு கைகளாலும் எடுத்துத் தடவினார். கைராசியான பிள்ளை, பேத்தி நன்றாக இருப்பாள் என்றார். அவர் தடவியது எனக்குத் தெரியவில்லை. இடக்கை பைக்குள் கத்தியை இறுக்கிப் பிடித்தபடி இருந்தது.