மிஸ்ஸிக்குப் போர்த்திய பொன்னாடை

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பொன்னாடை இருந்தது. சிவப்புத் துணி, ஓரமெல்லாம் மினுமினுக்கும் ஜரிகை. நம் வீடுகளில் இப்படி ஒன்றாவது இல்லாத வீடு உண்டா என்று தெரியவில்லை. போர்த்திக்கொண்டு வெளியே போக முடியாது, தலை துவட்டினால் தண்ணீரை இழுக்காது, தூக்கிப் போடவும் மனம் வராது. எனக்கு அது எந்த மேடையிலும் கிடைக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த பண்பாட்டு மையத்தின் கார் நிறுத்துமிடத்தில், ஒரு வேனுக்குப் பக்கத்தில் நின்றபடி, மிஸ்ஸி என் கையில் திணித்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காகவே வைத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆஸ்பத்திரித் தாதியரை மிஸ்ஸி என்று கூப்பிடுவது நம் ஊர்ப் பழக்கம். அவர் கேரி தீவில் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலையைத் தொடங்கி, கிள்ளானில் ஓய்வு பெற்றவர். வேலை போன பிறகும் பெயர் போகவில்லை. மையத்தில் ஞாயிறு மாலைச் சொற்பொழிவு என்றால் கொமுட்டர் ரயில் ஏறி வந்துவிடுவார். மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரம் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பேசுகிறவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்பார். பேச்சு முடிந்ததும் கூட்டம் பின்னால் இருக்கும் மீகூன், வடைத் தட்டுகளை நோக்கி ஓடும். இவர் மட்டும் எதிர்த்திசையில் மேடைக்குப் போய், பேச்சாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அதற்குள் வடை தீர்ந்துவிடுமே என்று நான் ஒருமுறை சொன்னேன். "வடை வெளியிலேயும் கிடைக்கும்லா. இந்த மனுசன் நாளைக்கு ஃபிளைட் ஏறிடுவாரே, அவர எங்க போயித் தேடுறது?" என்றார்.

அந்த மனுஷர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். நன்றாகத்தான் பேசினார்கள். மன்னர்களைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசினார்கள், யாரும் மணி பார்க்கவில்லை. ஒரு நாள் மிஸ்ஸி அலுவலகத்துக்கு வந்து, "ஏம்மா, செம்பனைக் காட்டுல புள்ள பெத்த பொம்பளைங்களப் பத்தி இங்க யாருமே பேச மாட்டாங்களா?" என்று கேட்டார். நீங்களே பேசுங்கள் என்றேன். சிரித்துவிட்டுப் போனவர், அடுத்த வாரம் வந்து சரி என்றார். செயலவையில் நான் சண்டை போட்டுத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையை வாங்கினேன். மையத்தின் ஆண்டு விழாவோடு சேர்த்துக்கொள்ளலாம், ஒரு மணி நேரம் தரலாம் என்று தலைவர் பெரிய மனது பண்ணினார். மிஸ்ஸி கேரி தீவுக்குப் போய், தன் கையால் பிரசவம் பார்த்த பெண்களைத் தேடிப் பிடித்து, உங்கள் கதையை மேடையில் சொல்லப் போகிறேன், வந்து கேளுங்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவர்கள் கேட்க, ஊரும் சேர்ந்து கேட்க, அதைச் சொல்லி முடிக்க வேண்டும்.

பெண்கள் வேன் பிடித்து, விழா தொடங்கும் முன்பே வந்துவிட்டார்கள். தலை நிறையப் பூ, கல்யாணத்துக்குக் கட்டும் சேலை. மண்டபம் காலியாக இருந்ததால் நேராக முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்கள். முன்வரிசை என்றால் சோபா. வெள்ளை உறை போட்டு, பிரமுகர்களுக்கு என்று காகிதம் ஒட்டியிருக்கும். பாத்திக் சட்டை போட்ட செயலவை உறுப்பினர் ஒருவர் ஓடி வந்து, "ஆன்டி, பின்னால போங்க, இது விஐபி சீட்டு" என்று எழுப்பினார். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு, குளிர்சாதனம் நேராக அடிக்கும் கடைசி வரிசைக்குப் போனார்கள். நம் மண்டபங்களில் இது தினமும் நடக்கிற காரியம் என்பதால் யாருக்கும் தப்பாகத் தெரிவதில்லை. எனக்கு அன்றைக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள்.

நாலு மணி விழாவுக்குச் சிறப்பு விருந்தினர், அரசுப் பட்டம் வாங்கிய டத்தோ, வந்தது ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால். அதுவரை ஒரு விளக்குக்கூட ஏற்றவில்லை. வந்ததும் மேளம், மாலை, பிள்ளைகளின் நடனம், தலைவரின் வரவேற்புரை. பிறகு டத்தோ நம் பெண்களின் தியாகத்தைப் பற்றிப் பேசினார். அந்தப் பெண்கள் கடைசி வரிசையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். மிஸ்ஸியை மேடைக்கு அழைத்தபோது பின்பக்கம் தேநீர்ப் பாத்திரங்களின் மூடி திறக்கும் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

அவர் கையில் காகிதம் எதுவும் இல்லை. மழை பெய்த ஒரு விடியற்காலையைப் பற்றித் தொடங்கினார். தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். ஆம்புலன்ஸ் வர வழியில்லை. "பெரிய கிராணி வீட்டுல காரு நின்னுக்கிட்டு இருந்துச்சு. நான் மழையில ஓடிப்போயி, காரக் குடுங்க சார், ரெண்டு உசுருன்னு கேட்டேன். அதுக்கு அவரு என்ன சொன்னாருன்னா..." என்று சொல்லி மிஸ்ஸி ஒரு நொடி மூச்சு வாங்கினார். மீகூன் எடுக்கப் போனவர்கள்கூடத் தட்டோடு நின்றார்கள். கிராணி என்றால் தோட்டத்து அலுவலகக் கணக்கர், நம்மவர்தான். அவர் என்ன சொன்னார் என்று மண்டபமே காத்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் பொன்னாடை விழுந்தது. தலைவர் தாம்பாளத்தோடு பின்பக்கமாக வந்து, டத்தோவின் கையால் மிஸ்ஸியின் தோளில் போர்த்த வைத்துவிட்டார். டத்தோ அடுத்த விழாவுக்குக் கிளம்ப வேண்டுமாம், அதற்குள் படம் எடுத்தாக வேண்டுமாம். கை தட்டினார்கள். கேமரா மின்னியது. மிஸ்ஸி வாயைத் திறந்தபடி ஒலிவாங்கியின் முன் நின்றிருந்தார். தலைவர் அதைத் தன் பக்கம் இழுத்து, "நேரத்தின் அருமை கருதி..." என்று ஆரம்பித்தார். டத்தோவுக்காக நாங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த நேரத்துக்கு ஒரு அருமையும் இல்லை. ஒரு கிழவி தன் வாழ்நாளில் முதல் தடவையாக மேடையேறியதும் வந்துவிட்டது அருமை!

வேன்காரர் இருட்டிவிட்டது, தீவுக்குத் திரும்ப வேண்டும் என்று அவசரப்படுத்தினார். பெண்கள் தேநீர்கூடக் குடிக்காமல் ஏறிவிட்டார்கள். மிஸ்ஸி விறுவிறுவென்று வெளியே வந்து வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, "இருங்க, நான் இன்னும் முடிக்கல" என்றார். அங்கேயே நின்று மிச்சத்தைச் சொன்னார். "காரு சீட்டு அழுக்காயிடும்னு சொன்னாரு. அதான் அவரு சொன்னது." பிறகு செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியில் சாக்கு விரித்து அந்தப் பெண்ணைப் படுக்க வைத்ததையும், பாதி வழியில் லோரியை நிறுத்தச் சொல்லித் தானே கையை விட்டுப் பிள்ளையைத் திருப்பி எடுத்ததையும், பிள்ளை அழாமல் கிடந்து, பிறகு அழுததையும் சொன்னார். பெற்றவர் அந்த வேனில்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தெரிந்த கதையைப் புதிதாகக் கேட்பவர்போல் மிஸ்ஸியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கை தட்டவில்லை. வேன் போன பிறகு மிஸ்ஸி தோளில் கிடந்ததை உருவி என் கையில் திணித்தார். "எனக்கு ஒண்ணும் குளிரலலா. நீயே வச்சுக்க."

மறுநாள் தலைவரிடம் கத்தினேன். அவருக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்றே புரியவில்லை. "என்னம்மா இது, மரியாதை பண்ணித்தானே அனுப்பினோம்? டத்தோ கையாலயே பொன்னாடை போட்டோமே!" என்றார். நடிக்கவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. ஒரு மனுஷி பேச வந்தால் அவள் பேச்சைக் கேட்பதுதான் மரியாதை என்பது எத்தனை விழா நடத்தினாலும் இவர்களுக்கு விளங்கப் போவதில்லை. அந்த வருடமே நான் வேலையை விட்டுவிட்டேன். மிஸ்ஸி அதற்குப் பிறகும் மூன்றாவது வரிசைக்கு வந்துகொண்டுதான் இருந்தாராம். அவரை யாரும் மறுபடி பேசக் கூப்பிடவில்லை.

போன வருடம் மிஸ்ஸி இறந்துவிட்டார். மையம் அவருக்கு நினைவு மாலை நடத்துவதாக அறிவிப்பு வந்தது. அதில் டத்தோவின் முகம் பெரிதாகவும் மிஸ்ஸியின் முகம் தபால் தலை அளவிலும் இருந்தன. போவதில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அலமாரியைத் திறந்து பொன்னாடையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சுபாங் ஜெயாவிலிருந்து கிளம்பினேன். லோரியில் பிள்ளை பெற்ற அம்மாவுக்கு முன்பே போன் செய்திருந்தேன். வாசலில் வேன் நின்றது. இந்தத் தடவை வந்தவர்கள் குறைவு. அந்த அம்மா கைத்தடியோடு இறங்கினார்.

அவர் கையைப் பிடித்து நேராக முன்வரிசைக்குக் கூட்டிப்போனேன். அதே சோபா, அதே வெள்ளை உறை, அதே காகிதம். காகிதத்தைக் கிழித்துவிட்டு உட்கார வைத்தேன். மற்றவர்களும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அதே உறுப்பினர், தலை நரைத்திருந்தது, ஓடி வந்தார். "ஆன்டி, இது டத்தோ..." என்று ஆரம்பித்தவரை அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நாங்க உக்காந்தா அழுக்காயிடுமா, தம்பி?"

அன்று பாதியில் நின்ற வாக்கியத்தின் மிச்சம் அது என்று அந்த உறுப்பினருக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் கிழிந்த காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். மேடையில் மிஸ்ஸியின் படம் மாலையோடு இருந்தது. வழக்கம்போல டத்தோ இன்னும் வரவில்லை. குளிர்சாதனம் விறைக்க வைத்தது, அந்த அம்மா கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்த பொன்னாடையை எடுத்து உதறி, அவர் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டேன்.

"இப்ப பரவால்லம்மா," என்றார். "கதகதன்னு இருக்கு."