கூரைக்கு வெள்ளையடித்தேன்

தங்கை பிறந்த வருடம் ஆம்பூர் வெயில் தகரக் கூரை வழியாக எங்கள் வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்ற அம்மா குடம் தூக்கக் கூடாது. ஆனால் தினமும் வெந்நீரில் குளிக்க வேண்டும். குழந்தைக்கோ உடம்பெல்லாம் வேர்க்குரு. பகலில் அதுவும் தூங்காது, எங்களையும் தூங்க விடாது.

அப்பா தோல் தொழிற்சாலையில் பாய்லர் ஃபிட்டர். பழைய குழாய்களைக் கொண்டுவந்து கூரைமேல் நெருக்கமாகப் பதித்து, எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். வெயில் வீட்டுக்குள் இறங்கும் முன்பே குழாயில் ஓடும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு குளியலறை மேலிருந்த தொட்டிக்குப் போய்விடும். கீழே அறை குளிரும், அம்மா குழாயைத் திருகினால் வெந்நீர் வரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். தங்கை முதல்முறையாக மதியத்தில் தூங்கினாள்.

எனக்கு ஒன்பது வயது, மூளை கொஞ்சம் அதிகம். கோடை வந்தால் சூடு தணிய எங்கள் தெருவில் எல்லோரும் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். கறுப்புக்கே இவ்வளவு குளிர்ச்சி என்றால் வெள்ளைக்கு எவ்வளவு இருக்கும்? அப்பா வேலைக்குப் போனதும் எதிர்வீட்டில் மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கேட்டு வாங்கினேன். ஏணியில் நின்று, ஒட்டடைக் கோலில் துணியைக் கட்டி, ஒரு குழாய் விடாமல் வெள்ளையடித்து முடித்தேன்.

மாலையில் வந்த அப்பா ஏணியில் ஏறி வெகுநேரம் பார்த்தார்.

"யார்மா அடிச்சது?"

"நான்தாம்பா. சூடு இன்னும் கம்மியாவும்ல?"

"ஆவும் ஆவும். ஜாஸ்தியாவே கம்மியாவும்."

பிறகு கொல்லையில் அடுப்பு மூட்டினார். கொஞ்ச நேரத்தில் துண்டு சுற்றிய குடத்தோடு மறுபடி ஏணி ஏறித் தொட்டியில் ஊற்றினார். எதற்குத் துண்டு என்று கேட்டேன்.

"கொடம் வழுக்குதும்மா."

குளித்துவிட்டு வந்த அம்மா, "தண்ணி இன்னிக்கி நல்ல சூடு. எல்லாம் நீ அடிச்ச வெள்ளதான்" என்றாள். நான் தெரு முழுக்கப் பெருமையடித்தேன். என்னை ஒரு சொல் கடிந்து பேசாத அந்த இருவரையும் இன்று நினைத்தாலும் நன்றியில் நெஞ்சு நிறைகிறது.

மறுநாள் ஞாயிறு. நான் மாதா கோயிலிலிருந்து வந்தபோது குழாய்கள் பழையபடி கறுப்பாக இருந்தன. வெயிலில் சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டது என்றார் அப்பா. நம்பினேன்.

அதன்பின் இரண்டு நாள் அவர் ஸ்பூனால் சோறு சாப்பிட்டார். உள்ளங்கை வெந்து தோலுரிந்திருந்தது. கேட்டதற்கு, "பாய்லர் சுட்டுடுச்சும்மா" என்றார். ஊறிய சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவினால் கை புண்ணாகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைய குடும்ப ஜெபத்தில், அந்தப் பொல்லாத பாய்லருக்கு நல்ல புத்தியைக் கொடும் ஆண்டவரே என்று உருக்கமாக வேண்டிக்கொண்டேன்.

எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவர் அப்பாதான்.