துரை வைத்த மல்யுத்தமும் எஞ்சின் வீட்டு வேலையும்

போன தை மாதம் கோலார் தங்கவயலுக்குப் போய் வந்தேன். தங்கையின் மூத்த மகன் அங்கே சுரங்கத்தில் பாறை சரிந்து செத்தான். இளையவன் கன்னியப்பனும் அங்கேயே கூலிக்குப் போய்விட்டான். "அவனாவது உள்ள எறங்காம பாத்துக்கோண்ணா" என்று தங்கை அழுதாள்.

குடியாத்தத்தில் ரயிலேறி பவுரிங்பேட்டையில் இறங்க வேண்டும். அங்கிருந்து வயலுக்குப் பத்து மைல். மாட்டுவண்டிக்காரர் ஆறணா கேட்டார்.

"தங்கம் அள்ளப் போறியா பெருசு?"

"ஆமாப்பா, பல்லு கட்டிக்க."

வண்டியை விட்டு வயலுக்குப் போகும் கிளை ரயிலில் ஏறினேன்; இரண்டணாவோடு போயிற்று.

நான் போன சனிக்கிழமை, தங்கவயல் கூலிப் பையன்களுக்குச் சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை மல்யுத்தம் வைத்திருந்தார். ஜெயிக்கிறவனுக்கு எஞ்சின் வீட்டில் தொழில் பழக்குவார்கள். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டை, கேஜை, ஓட்டுகிற எஞ்சின் அது. வேலை தரைக்கு மேலே. தோற்றவனுக்கு உள்ளே இறங்கிப் பாறை உடைப்புதான்.

துரையின் சீமை மல்யுத்தத்தில் முரட்டுச் சட்டை மாட்டி, அதைப் பிடித்தே ஆளைச் சாய்க்க வேண்டும்.

"இன்னாடா, மாப்ள கணக்கா கீற?" என்றேன், சட்டை மாட்டி நின்ற கன்னியப்பனிடம்.

"சும்மா இரு மாமா, சிரிப்பு வருது."

இரண்டு பேரைச் சாய்த்தான். கடைசியில் எதிரே துரை வீட்டுப் பட்லர் மகன் நாகய்யா. துரை அவசரமாக விசில் ஊதிவிட்டார். நம்மூர் கோதாவில் மண்ணைத் தொட்டுக் கும்பிடாமல் எவனும் எதிராளிமேல் கை வைக்கமாட்டான். முன் ஆட்டங்களில் கன்னியப்பன் விசிலுக்கு முன்பே கும்பிட்டிருந்தான். இப்போதும் குனிந்து மண்ணைத் தொட்டான். மறுபடி விசில். நாகய்யாவின் கையைத் தூக்கிவிட்டார்கள்.

மேஸ்திரி வந்தார். "விசிலுக்கு அப்புறம் கை தரையில படக்கூடாது. துரை சட்டத்துல அது தோல்வி."

"அவன் சாமி கும்பிட்டான்யா!"

"அதையும் சொல்லிட்டேன். சட்டம் சட்டந்தானாம்."

நாகய்யா கன்னியப்பனிடம் வந்து, "அண்ணா, நான் உன்னைத் தொடவே இல்லையே" என்றான், குற்றவாளி மாதிரி.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குக் கன்னியப்பன் கேஜ் வரிசையில் நின்றான்.

"ஊருக்கு வாடா."

"அங்க இன்னா கீது மாமா, கஞ்சிக்கு? அம்மாகிட்ட எஞ்சின் வீட்ல இருக்கேன்னு சொல்லு."

கேஜ் இறங்கியது. அந்த எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவன் நாகய்யா.

போகிறவர்கள் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். தையில் குளிர் எலும்பைக் கடிக்கும். பையனை ஆட்டத்துக்கு அனுப்பினால், எதெல்லாம் தோல்வி என்று மேஸ்திரியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஜெயிப்பது எப்படி என்று பையன்களுக்கே தெரியும்.

தங்கையிடம் அவன் சொன்னபடியே சொன்னேன். மகன் எஞ்சின் ஓட்டுகிறான் என்று இப்போது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படித்த நீங்கள் யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.