தாளத்துக்கு முன் ஒரு பாட்டு

செம்மேட்டில் கோயிலை ஒட்டிய கூடத்தில் ஞாயிறுதோறும் பதிகம் பாடச் சொல்லித் தருகிறேன். வருபவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள். பெரும்பாலும் மிளகுத் தோட்டமோ கடையோ வைத்திருப்பவர்கள். அவர்களோடு, மலையின் மற்றொரு பகுதியான குண்டனி நாட்டிலிருந்து, முப்பது வயதை நெருங்கும் ஒரு பெண் தன் தாயுடன் பஸ்ஸில் வருவார். பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பினால் அவருடைய வலக்கை விறைத்து மடங்கியிருக்கும். சொற்கள் இழுபட்டு, ஒவ்வொன்றாகத்தான் வரும். ஆனால் பதிகம் முழுவதும் மனப்பாடம், சுருதியும் பிசகாது. மார்கழி விடியலில் ஒருநாளாவது சந்நிதியில் ஒரு பாட்டை முழுதாகப் பாடிவிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

அந்த முழுமைதான் கைகூடவில்லை. கூட்டத்தோடு பாடும்போது இரண்டாம் அடியிலேயே குரல் அறுந்துவிடும். அவருக்காக எல்லாரும் வேகத்தைக் குறைத்தோம். ஜால்ரா தட்டுபவர் பக்கத்து ஊரான சோளக்காட்டில் பழக்கடை வைத்திருப்பவர். இரக்க சுபாவம் உள்ளவர். ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் நடுவே ஒரு சுவாமி புறப்பாடே நடக்கலாம் என்னும் அளவுக்கு அவர் காலத்தை நீட்டினார். நாங்கள் மெதுவாகப் போகப்போக அந்தப் பெண் இன்னும் முன்னதாகவே நின்றுபோனார்.

மார்கழி நெருங்கிய ஒரு ஞாயிறன்று தாய் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க ஐயா, புள்ள ஊட்டுக்குப் போயி அழுவுதுங்க. இன்னையோட நின்னுக்கறோமுங்க."

பஸ் வரும்வரை இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் வெளியே சிமெண்டு பெஞ்சில் சாய்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி அமர்ந்திருந்தார். கூடத்தைப் பூட்டித் திரும்பியபோது, அவர் தனக்குள் பாடிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. இரண்டாம் அடி வந்தது. மூன்றாம் அடியும் வந்தது. சொற்களுக்கு நடுவே நீண்ட இடைவெளிகள் இருந்தன. ஆயினும் பண் கலையவில்லை.

அருகில் போய் உட்கார்ந்தேன். "இங்கே வருகிற பாட்டு உள்ளே ஏன் கண்ணு வரமாட்டேன் என்கிறது?"

தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஜால்ரா... அடிச்சா... ஒடம்பு தூக்கிவாரிப் போடுதுங்க. கை இறுகிக்குது. அப்பறம்... மூச்சு வாரதில்லீங்க."

"இத்தனை நாள் சொல்லவே இல்லையே?"

"சாமிக்கு அடிக்கிறத... வேண்டாம்னு... சொல்லலாமுங்களா?"

தாளமின்றித் துதி ஏது என்றே நாங்கள் எல்லாரும் இருந்துவிட்டோம். வேகத்தைக் குறைத்தது அவருக்கு உதவவும் இல்லை. அடுத்த ஓசை எப்போது வெடிக்குமோ என்று அஞ்சிக் காத்திருக்கும் நேரத்தைத்தான் நீட்டித்தந்திருக்கிறது.

ஆனால் வழி எங்கள் மரபிலேயே இருந்தது. பதிகம் தொடங்குகையில் முதற்பாட்டைத் தாளம் இல்லாமல் விருத்தமாகப் பாடுவதுண்டு. அதில் எங்கே நிற்பது, எவ்வளவு நிற்பது என்பதெல்லாம் பாடுபவரின் மூச்சைப் பொறுத்தது. மனத்திலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. "அடுத்த ஞாயிறும் வாருங்கள்" என்றேன்.

முதற்பாட்டு அவருடையது என்றாயிற்று. சந்நிதியில் சம்மணமிட்டுத்தான் அமர வேண்டும் என்னும் வழக்கத்தை விட்டு, சாய்மானம் உள்ள நாற்காலி போட்டோம். அடிகளைச் சீர் பார்த்துப் பிரிக்காமல், அவருடைய மூச்சு நிற்கும் இடங்களில் பிரித்தேன். அவர் முடித்த பின்பே மற்றவர்கள் தாளத்தோடு சேர்ந்துகொள்வார்கள். அந்தத் தாளமும் தொடையில் கையால் தட்டும் தாளம்.

"அப்ப எம்பட பொழப்பு போச்சுங்களா?" என்றார் ஜால்ராக்காரர். "சரி உடுங்க, நானும் பாடிப்போட்டுப் போறேன்."

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினார். "மாமா... நீங்க பாடுனா... ஜால்ராவே... தேவலைங்க."

கூடமே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் ஜால்ராக்காரர்தான்.

மார்கழியில் குறித்த நாள் வந்தது. மலைப்பனியில் கோயில் விளக்குகள் மங்கித் தெரிந்தன. பூசாரி கைமணியை ஒதுக்கி வைத்துவிட்டார். ஆனால் வாசலில் தொங்கும் பெரிய மணியை, உள்ளே வருபவர் எவரும் அடித்துவிடக்கூடும். ஜால்ராக்காரர் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அதன் கீழே நின்றார்.

பாட்டு தொடங்கியது. மூன்றாம் அடியின் நடுவில் நின்றது. வாசற்படி ஏறிய பெரியவர் ஒருவர் கயிற்றை நோக்கிக் கை நீட்டினார். "செத்த இருங்க சாமி" என்று ஜால்ராக்காரர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. தாய் கண்களை மூடிக்கொண்டார். நானும் இறைவனை நினைத்தேன். வேறொன்றும் செய்ய அப்போது இல்லை.

மூச்சு திரும்பியது. விட்ட இடத்திலேயே குரல் சேர்ந்தது. நான்காம் அடி மெல்ல நடந்து, கடைசிச் சொல் நீண்டு, தானாகவே அடங்கியது.

தாய் வாசற்பக்கம் திரும்பினார். "இனி அடிச்சுக்கோங்க. எம்புள்ள முடிச்சுட்டா."

மணி முழங்கியது. அந்தப் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடங்கிய கை மார்போடு இறுகிற்று. அவர் தாயைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.