பின்னால் விழுந்தவனைச் சேர்க்கும் ஓட்டம்

பட்டாளத்துக்காரர்கள் கூட்டமாக ஓடுவதை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். சும்மா ஓடுகிற மாதிரிதான் தெரியும். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் அப்படி ஓடியிருக்கிறேன்.

அந்த வருடம், பட்டாளத்தில் இருந்த என் மாமா இரண்டு மாத லீவில் ஏரியூர் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தார். அம்மாவின் தம்பி. வந்த மூன்றாம் நாளே ஊர்ப் பையன்களை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பத் தொடங்கிவிட்டார். காரணம் என் அண்ணன். சேலத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கப் போவதாகச் செய்தி வந்திருந்தது. அண்ணன் அதற்கு முன் இரண்டு தடவை போய் ஓட்டத்தில் தோற்றுத் திரும்பியவன். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். இதுதான் கடைசி.

அண்ணனோடு சேர்த்துப் பதினாறு பேர் வந்தார்கள். தனியாக ஓடுகிறவன் பத்து நாளில் நின்றுவிடுவான், கூட்டத்தோடு ஓடுகிறவன் வெட்கத்துக்காவது ஓடுவான் என்பார் மாமா. நானும் வருவேன் என்று அழுதேன்.

"இவன் எங்கடா ஓடப்போறான், கடைக்குப் போய்ட்டு வந்தாலே மூச்சு வாங்குது" என்றாள் அம்மா.

"வரட்டும்க்கா. பின்னாடி வுழற ஆளு ஒருத்தன் வேணும் எனக்கு."

அதை நான் ஒரு பதவியாகவே எடுத்துக்கொண்டேன்.

மூன்று மூன்று பேராக ஐந்து வரிசை. மெதுவாக ஓடுகிறவர்கள் முன்னால், வேகமானவர்கள் பின்னால். வேகமானவனை முன்னால் விட்டால் கூட்டம் ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்துபோகும். மிச்சம் இரண்டு பேர் சிவப்புத் துணியோடு, ஒருவன் முன்னால் தள்ளி, ஒருவன் பின்னால் தள்ளி ஓடுவார்கள். பென்னாகரம் பஸ்ஸும் தக்காளி வண்டியும் வருகிற ரோடு அது. மாமா வரிசைக்குள் வரமாட்டார். வண்டி வரும் பக்கமாக, கூட்டத்தின் நடுவுக்கு நேராக ஓடுவார். அங்கிருந்து கத்தினால்தான் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒரே மாதிரி கேட்குமாம். அவர் "எடது, எடது" என்று சொல்லச் சொல்ல எல்லோருடைய இடது காலும் ஒன்றாகத் தரையில் விழ வேண்டும். முதல் வாரம் மூட்டை அவிழ்ந்து தேங்காய் உருண்ட மாதிரி கேட்டது. போகப்போக ஒரே ஆள் ஓடுகிற மாதிரி ஆயிற்று.

பால் சொசைட்டி முன்னால் கேனோடு நிற்கிறவர்கள், "யாருடா தொரத்தறாங்க உங்கள?" என்று கேட்பார்கள்.

எங்களோடு ஓடும் எதிர் வீட்டு அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே, "இவங்க மாமாதாங்க, புடிச்சு வைங்க" என்பான். அவனுக்கு ஓடும்போதும் வாய் ஓயாது.

ஒரே ஒரு சட்டம் இருந்தது. எவனாவது ஓட முடியாமல் பின்னால் விழுந்துவிட்டால் அவனை விட்டுவிட்டுப் போகக் கூடாது. மாமா "திரும்பு" என்பார். மொத்தக் கூட்டமும் பெரிதாக வளைந்து, விழுந்தவனுக்குப் பின்னால் போய், மறுபடி வளைந்து, அவனை நடுவில் சேர்த்துக்கொண்டு ஓடும்.

முன்வரிசையில் தொடங்கினாலும், சொசைட்டி மேட்டில் தினமும் பின்னால் விழுகிறவன் நான்தான். ஒரு வாரத்தில் எனக்கு அது பிடித்தும் போயிற்று. அத்தனை பெரிய ஆட்கள் எனக்காக ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். கால் வலிக்காமலேயே நான் நின்ற நாட்கள் உண்டு.

"டேய், உன்னால ஒரு மைலு எச்சா ஓடறோம்டா" என்று அண்ணன் தலையில் குட்டினான்.

மாமா அவனைப் பிடித்துக்கொண்டார். "பின்னாடி ஒருத்தன வுட்டுட்டு முன்னாடி போயி என்னா கிழிக்கப்போற மாப்ள?"

அதற்குப் பிறகு அண்ணன் முணுமுணுக்கவில்லை. கடைசி வரிசையில் ஓடிய அவனுக்குத்தான் என் காலடிச் சத்தம் குறைவது முதலில் கேட்கும். மாமா வாய் திறப்பதற்கு முன்பே அவன் "திரும்பு" என்று கத்துவான்.

ஆள் எடுக்கிற நாளில் மாமாவும் நானும் மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். நான்கு சுற்று ஓட வேண்டும். நேரம் முடிந்ததும் குறுக்கே கயிறு பிடித்துவிடுவார்கள். அதற்குள் வராதவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூன்றாம் சுற்று முடியும்போது அண்ணன் ஆறாவது ஆளாகப் போய்க்கொண்டிருந்தான். மாமா கம்பியைப் பிடித்தபடி, "இப்பிடியே போ மாப்ள, இப்பிடியே" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது அண்ணனுக்குக் கொஞ்சம் பின்னால் வந்த எதிர் வீட்டு அண்ணன் யார் காலோ தட்டி விழுந்தான். அண்ணனின் தலை திரும்பியது. அடுத்த நொடி அவன் ஓட்டத்திலிருந்து விலகி, ரோட்டில் எப்படி வளைவானோ அப்படியே வெளிப்பக்கமாக வளைந்து பின்னால் போனான்.

நான் கை தட்டினேன். "மாமா, அண்ணன் கரெக்டா திரும்பறான் பாருங்க."

"திரும்பாதடா. ஓடு, ஓடு" என்று மாமா அடிவயிற்றிலிருந்து கத்தினார். அண்ணன் காதில் அது விழவில்லை. விழுந்தவனைக் கை கொடுத்துத் தூக்கினான். இரண்டு பேரும் சேர்ந்து ஓடி வந்தார்கள், இடது காலுக்கு இடது கால் சரியாக. இருபது அடி இருக்கும்போது கயிறு வந்துவிட்டது.

வெளியே வந்ததும் எதிர் வீட்டு அண்ணன் முழங்கால் ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் அழுதான். அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வுடுடா" என்றான் என் அண்ணன். "காலு அதுவா திரும்பிடுச்சு."

மாமா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். தான் குடிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா ஜன்னல் ஓரம், நான் அவர் பக்கத்தில். அண்ணன் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"ஏன் மாமா திரும்பாதன்னு சொன்னீங்க? தெனமும் நீங்கதான திரும்பச் சொன்னீங்க?"

மாமா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பூர் கணவாயில் லாரிகள் இரைந்துகொண்டு ஏறின. அந்தச் சத்தத்தில் நான் கேட்டது அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி மறுபடியும் அதையே கேட்டேன்.