ஷாத்லியாவின் கண்ணில் பட்ட புகை

துனிஸ் நகரத்து டிராம் வண்டி கடைசியாக வந்து நிற்கும் இடத்துக்கும் அப்பால், எங்கள் தெரு முச்சந்தியில் ஷாத்லியா ரொட்டி சுடுகிறாள். மடித்துச் சுட்ட ரொட்டியில் ஹரிஸாக் காரம் தடவி, மீனும் முட்டையும் வைத்துச் சுருட்டிக் கொடுப்பாள். கையைவிட வாய் வேகம். அவள் புருஷன் மாரடைப்பில் போனதாக டாக்டர் சொன்னார். அவள் வாயால் போனதாகத் தெரு சொன்னது, அதுவும் அவள் முகத்துக்கு நேரே.

அப்பேர்ப்பட்ட வாய், முன்பின் தெரியாதவர் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லும்: அடுப்புப் புகை கண்ணை மறைத்துவிட்டது, நான் எதையும் பார்க்கவில்லை. தெருவே அப்படித்தான். ஒருவன் தூங்கிக்கொண்டிருந்திருப்பான், ஒருத்தி குளித்துக்கொண்டிருந்திருப்பாள். கேட்பவன் மப்டி போலீஸாக இருந்து தொலைத்தால்? ஷாத்லியாவின் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் வழி விசாரித்தபோது, அப்படி ஒரு குடும்பமே இங்கே இல்லை என்று எல்லோருமாகச் சேர்ந்து அடுத்த பேட்டைக்கு அனுப்பிவைத்தார்கள். அனுப்பியவர்களில் ஷாத்லியாவும் ஒருத்தி. வந்தவர்கள் கோட்டும் சூட்டுமாக இருந்தார்களாம், அவள் என்ன செய்வாள்.

போன மழைக்காலத்தில் பைக் ரிப்பேர் செய்யும் வஜ்தியை அவள் கடை முன்னாலேயே இரண்டு போலீஸ்காரர்கள் அடித்தார்கள். பைக்குக்குக் காகிதம் கேட்டார்கள். வாடிக்கையாளர் வண்டி என்றான். எதிர்த்தா பேசுகிறாய் என்று ஆரம்பித்தது. கீழே விழுந்த பிறகும் மிதித்தார்கள். கை முறிந்தது. அவன்தான் போலீஸைத் தாக்கினான் என்று கூசாமல் வழக்குப் போட்டு உள்ளே தள்ளினார்கள்.

மறுநாள் ஒரு வெள்ளை வேன் வந்தது. கறுப்புக் கண்ணாடி, பளபளக்கும் ஷூக்கள். தெரு வழக்கம்போலத் தூங்கியது, குளித்தது. வேனிலிருந்து இறங்கிய டிவிக்காரி ஷாத்லியாவின் மூக்குக்கு நேரே மைக்கை நீட்டினாள். புகை என்றது பழகிய நாக்கு.

அன்று மாலைச் செய்தியில் அவள் முகமும் அந்தப் புகைப் பேச்சும் வந்தன. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தெருக்காரர்களே சொல்வதாகச் செய்தி வாசித்தவள் சிரித்தபடி சொன்னாள். பார்க்கவில்லை என்றதை நடக்கவில்லை என்று ஆக்கிவிட்டார்கள், பாவிகள்.

காலையில் வஜ்தியின் அம்மா மன்னூபியா கடைக்கு வந்தாள். சண்டை போடவில்லை. "அவனை அடிக்கும்போது நீ அழுததை நான் பார்த்தேன் அக்கா. அதுவும் புகையாலதானா?"

ஷாத்லியா அடுப்பை அணைத்தாள். அன்றே வஜ்தியின் வக்கீலிடம் போய், தான் சாட்சி சொல்வதாக ஒப்புக்கொண்டாள். வீடு திரும்பியதும் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் மாவு பிசையக்கூட இல்லை.

கோர்ட்டில் போலீஸ் தரப்பு அந்தச் செய்தியைப் போட்டுக் காட்டியது. நீதிபதி படத்தை நிறுத்தச் சொல்லி உற்றுப் பார்த்தார். ரொட்டிக் கல்லுக்கடியில் நீல நெருப்பு சுத்தமாக எரிந்துகொண்டிருந்தது.

"புகை எங்கேம்மா?"

"இல்லைங்கய்யா. அது கேஸ் அடுப்பு. புகைங்கிறது எங்கம்மா காலத்துப் பொய். அடுப்பை மாத்தினேன், பொய்யை மாத்தலை."

கோர்ட் சிரித்தது. ஷாத்லியா சிரிக்கவில்லை. முன்வரிசையில் அந்த இரண்டு போலீஸ்காரர்களும் அவளையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தினமும் அவளிடம் ஓசி ரொட்டி தின்பவன். அதிலும் முட்டை இரண்டாக வேண்டும் அவனுக்கு. நாக்கு மறுபடியும் பழைய பக்கமே இழுத்தது. அவள் அவனைக் கைநீட்டிக் காட்டினாள்.

"எல்லாத்தையும் பார்த்தேன். மிதிச்சது இவரு. மிதிச்ச ஷூவோட வந்து என்கிட்ட ரொட்டி கேட்டாரு. பயத்துல ரெண்டு முட்டை வச்சுக் கொடுத்தேன் ஐயா."

அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

வஜ்தி வெளியே வந்தான். போலீஸ்காரர்களை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான் தண்டனை. அந்த வாரமே வெள்ளை வேனும் வந்து நின்றது. துணிச்சல்காரி ஷாத்லியாவைத் தெரியுமா என்று அதே டிவிக்காரி கேட்டாள். ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தானாம். வஜ்தி, கையில் கட்டோடு, தான் இந்தப் பக்கத்துக்கே புதுசு என்றான். கடைசியில் டிவிக்காரி முச்சந்திக்கு வந்து ஷாத்லியாவிடமே விசாரித்தாள். ஊருக்கெல்லாம் தானே காட்டிய முகம் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஷாத்லியாவா? அப்படி யாரும் இங்க இல்லையேம்மா," என்று ரொட்டியைத் திருப்பிப் போட்டாள் ஷாத்லியா. "இவ்வளவு தூரம் வந்துட்டே, ஒரு ரொட்டி சாப்பிட்டுப் போ. முட்டை ஒண்ணுதான்."